கொப்பியில் எழுத்து இல்லாத திங்கட்கிழமை

பள்ளிக்கூடம் விட்டு வந்த தரம் 2 பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றுவதற்கு முன்பே அம்மா புத்தகப் பையைத் திறந்து பார்க்கிறார். கொப்பியில் திங்கட்கிழமைத் திகதி மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?"

"ஒண்டும் படிக்கேல்லை அம்மா. கிணத்தடிக்குப் போனனாங்கள். பிறகு கதை கேட்டனாங்கள்."

அம்மாவின் முகம் வாடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பித்த எவருக்கும் இந்த முகத்தைத் தெரியும். பல வருடங்கள் அந்த வகுப்புகளில் நின்றவள் என்ற முறையில் எனக்கும் நன்றாகத் தெரியும். அந்த அம்மாவில் நான் பிழை சொல்ல மாட்டேன். அவர் படித்த காலத்தில் படிப்பு என்றால் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவதுதான். ஆனால் அவருடைய பிள்ளை அன்றைக்கு நிறையப் படித்திருக்கிறது. அது எழுத்தாகக் கொப்பிக்கு வந்து சேர வியாழக்கிழமை ஆகும். ஆரம்ப வகுப்புப் படிப்பை நாள் கணக்கில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கிழமைக் கணக்கில் பார்க்க வேண்டும்.

இலங்கையின் ஆரம்பக் கல்வி இப்போதிருக்கும் வடிவத்துக்கு வந்தது 1997 இல் வகுக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தோடு. 1998 இல் கம்பகா மாவட்டத்தில் தரம் 1 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 இல் நாடு முழுவதற்கும் வந்தது. தரம் 1 முதல் 5 வரையான ஐந்து ஆண்டுகளையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள். தரம் 1 உம் 2 உம் முதலாவது நிலை, 3 உம் 4 உம் இரண்டாவது, 5 தனியே மூன்றாவது. பிள்ளை கற்கும் வழியையும் மூன்றாக வைத்தார்கள்: விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் எழுத்து வேலை. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும்தான் பெரும்பங்கு, எழுத்து வேலை கொஞ்சம். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறத்தாழச் சமம். தரம் 5 இல்தான் எழுத்து வேலை முன்னுக்கு வருகிறது. தரம் 2 கொப்பி மெலிந்திருந்தால் ரீச்சர் அசட்டையாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பாடத்திட்டம் கேட்பதே அதைத்தான்.

தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பவை முக்கிய பாடங்கள். முதல் இரண்டு தரங்களிலும் ஆங்கிலம் வாய்மொழியாக மட்டும் வரும். இவற்றில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை முதுகெலும்பு என்று சொல்லலாம். குடும்பம், உணவு, நீர், ஒளி, விலங்குகள் என்று அதில் கருப்பொருள்கள் இருக்கின்றன. அதே கருப்பொருள்கள் ஒவ்வொரு தரத்திலும் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாக. ஒரு கருப்பொருள் ஒன்றிரண்டு கிழமை ஓடும். நல்ல ரீச்சர் அந்தக் கிழமையின் கணக்கையும் தமிழையும் அதே கருப்பொருளில் கொண்டுவந்து கட்டி விடுவார். அப்படிக் கட்டிய ஒரு கிழமையை உள்ளே போய்ப் பார்ப்போம். கார்த்திகை மாதம், மாரி மழை பிடித்துவிட்டது, கருப்பொருள் நீர்.

திங்கட்கிழமை கிணற்றடி. பிள்ளைகள் கட்டுக்கு எட்ட நின்று பார்க்கிறார்கள். ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு ரீச்சர் கேட்கிறார், "தண்ணி எங்கையிருந்து வருது?" ஒரு பிள்ளை மோட்டரிலிருந்து என்கிறது. இன்னொன்று பைப்பிலிருந்து என்கிறது. மழையிலிருந்து என்று ஒன்று. எல்லாம் சரியான பதில்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு படி. அந்தப் படிகளைப் பிள்ளைகளே ஒழுங்காக அடுக்கும்வரை ரீச்சர் பொறுத்திருக்க வேண்டும். போன மாதம் கயிறு எவ்வளவு இறங்கியது, இப்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் மழைக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்கே தெரியும்.

நீர் என்ற கருப்பொருளுக்கு யாழ்ப்பாணத்தைப் போல ஒரு வகுப்பறை கிடைப்பது அரிது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றிருக்கிறது. ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சுண்ணாம்புக் கல் விளங்காது. ஆனால் எந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர் என்பது அதற்கு நாக்கால் தெரியும். தீவுப்பகுதிப் பிள்ளைக்குக் குடிதண்ணீர்ப் பவுசர் வரும் நாள் தெரியும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்ததாம் என்ற கதையை அம்மம்மா சொல்லியிருப்பார். நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது கதை இல்லை, உண்மை. கதையில் தொடங்கி உண்மைக்கு வர இதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது? அந்தத் திங்கட்கிழமைக் கொப்பியில் எழுத்து இல்லாததற்குக் காரணம் இவ்வளவும்தான்.

செவ்வாய்க்கிழமை சிரட்டை. பிள்ளைகள் குழுக்களாக இருந்து ஒரே அளவான வாளிகளைச் சிரட்டையால் நிரப்புகிறார்கள். ஒரு குழு பதினாறு சிரட்டை என்கிறது, பக்கத்துக் குழு இருபத்தொன்று என்கிறது. சண்டை வரும். நீ சிந்தினாய், நீ பிழையாக எண்ணினாய். ரீச்சர் உடனே நடுவில் புகுந்து விடையைச் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் கெட்டது. கொஞ்சநேரம் விட்டால் ஒரு பிள்ளை இரண்டு சிரட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். "அவையின்ரை சிரட்டை பெரிசு ரீச்சர்." அளவிடுதல் என்ற பெரிய கருத்தின் வாசல் அந்த வசனம். எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்ற தேவையைப் பிள்ளை தானாகவே உணர்ந்துவிட்டது. மேல் வகுப்பில் லீற்றர் வரும்போது அது வெறும் சொல்லாக இருக்காது. வீட்டில் அரிசி அளக்கும் கொத்தையும், காணி பேசும்போது பெரியவர்கள் சொல்லும் பரப்பையும் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவை. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதை ஒரு நாள் அதே அறிவோடுதான் புரிந்துகொள்வார்கள்.

எண்ணியதைக் குறிக்க ஈர்க்குத் துண்டுகள். பத்து சேர்ந்ததும் ஒரு கட்டு. இருபத்தொன்று என்றால் இரண்டு கட்டும் ஒரு தனி ஈர்க்கும். இதில் தமிழ் பிள்ளைக்குக் கை கொடுக்கிறது. இருபத்தொன்று, முப்பத்து நான்கு என்று சொல்லும்போதே பத்துகள் முன்னுக்கும் ஒன்றுகள் பின்னுக்கும் வந்து நிற்கின்றன. தடுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு. எண்பது வரைக்கும் எட்டு, எண்பது என்று ஒழுங்காகப் போய், ஒன்பதுக்கு வந்ததும் தொண்ணூறு என்று மாறுகிறது. நூறு வராத இடத்தில் நூறு என்ற ஓசை கேட்கிறது. அப்புறம் தொள்ளாயிரம் வேறு. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை திகைத்து நின்றால் மண்டையில் குட்ட வேண்டாம். ஒன்பது கட்டு ஈர்க்கை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும்.

புதன்கிழமை தமிழ். கிணறு, கயிறு, வாளி, கப்பி, தொட்டி, செம்பு என்று இரண்டு நாளாகக் கையில் புழங்கிய சொற்கள் இப்போது அட்டையில் வருகின்றன. தொட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'தொ' என்று எழுத முன்னுக்கு ஒரு கொம்பு, நடுவில் த, பின்னுக்கு ஒரு கால். வாய் த என்று தொடங்க, கண் கொம்பில் தொடங்குகிறது. செம்பிலும் அப்படித்தான். இது பிள்ளையின் மந்தம் இல்லை, எழுத்தின் அமைப்பு அப்படி. தொட்டியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை ஒரே மூச்சில் படமாகப் பிடிக்க முடிகிறது. 247 எழுத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் ஒப்புவித்துவிட்டு ஒரு வரியை வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கி, உடனே படம், பட்டம் என்று சொல்லாக வாசிக்க விடுவதுதான் பிள்ளைக்கு நம்பிக்கை தரும்.

இன்னொரு விடயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளை "கிணத்தடி" என்று எழுதும். பல வகுப்புகளில் அதன்மேல் சிவப்புக் கோடு விழும். அந்தப் பிள்ளை என்ன செய்தது? தன் காதில் விழுந்ததை எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதியது. வீட்டில் எல்லோரும் கிணத்தடி என்றுதானே சொல்கிறோம்? யாழ்ப்பாணப் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காற்று காத்தாகிறது, நெற்றி நெத்தியாகிறது, கிணற்றடி கிணத்தடியாகிறது. ஒன்று ஒண்டாகிறது, மூன்று மூண்டாகிறது, கன்று கண்டாகிறது. இந்தச் சொற்களைச் சோடி சோடியாகக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றால், ஏழு வயதுப் பிள்ளைகள் அந்த ஒழுங்கைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். அதற்குப் பிறகு சொல்வதெழுதுதலில் வேற்றுமை தெரியும். வீட்டுப் பேச்சு பிழையான பேச்சு என்ற எண்ணம் பிள்ளைக்கு வராமலே எழுத்துத் தமிழ் வந்து சேரும். சிவப்புக் கோடு இதைச் செய்யாது.

வியாழக்கிழமை கொப்பி நிறைகிறது. "எங்கள் கிணற்றில் தண்ணீர் மேலே வந்தது. நாங்கள் சிரட்டையால் அளந்தோம்." இரண்டு வரி, மூன்று வரி, கீழே ஒரு படம், பக்கத்தில் வாளிக் கணக்கு. அம்மா அன்று பையைத் திறந்தால் திருப்தியாகத்தான் இருப்பார். திங்களும் செவ்வாயும் இல்லாமல் இந்த மூன்று வரி வராது என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் சைவப் பள்ளிக்கூடங்களில் சிவபுராணத்தோடு விடியும். சமய பாடத்துக்குக் கோயில் கேணியும் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலும் போதும். தாகத்துக்குக் கொடுப்பது ஏன் புண்ணியம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் இருக்கிறது. பிறகு கிழமை முழுக்கச் செய்தவற்றைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒவ்வொருவராக வந்து சொல்ல வேண்டும். ரீச்சரின் உண்மையான பரீட்சை இதுதான். யார் சொல்லும்போது தடுமாறியது, யார் பத்தைக் கட்டாகக் கட்டாமல் இன்னும் ஒன்றொன்றாக எண்ணுகிறது, யார் வாயே திறக்கவில்லை என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முதன்மை நிலைக்கும் அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு வரையறை உண்டு. அந்த நிலை முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அதை எட்டியாக வேண்டும். எட்டியதா என்று அறிய இந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பை விட்டால் தவணைப் பரீட்சைப் புள்ளி மட்டும்தான் மிஞ்சும். அந்தப் புள்ளி, பிள்ளை எங்கே தவறியது என்று காட்டாது.

ஏன் ஐந்து நாள் ஒரே விடயத்தைச் சுற்ற வேண்டும்? 1885 இல் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் மறதியைப் பற்றித் தன்னையே வைத்துச் சோதித்து எழுதினார். பொருளில்லாத அசைகளைப் பாடமாக்கி, அவற்றில் பெரும்பங்கு முதல் ஒரு நாளுக்குள்ளேயே மறந்துபோவதையும், ஒரே இருப்பில் பலமுறை படிப்பதைவிட நாட்களாகப் பரப்பிப் படித்தால் நன்றாகத் தங்குவதையும் கண்டார். பின்னால் வந்தவர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். திங்கட்கிழமை தொட்டதைச் செவ்வாய் எண்ணி, புதன் சொல்லாக வாசித்து, வியாழன் எழுதி, வெள்ளி இன்னொருவருக்குச் சொல்லும்போது, மறக்கப்போகும் நேரம் பார்த்து அது திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு வருவதால் பிள்ளைக்குச் சலிப்பதும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெற்றோர் எழுத்தை இவ்வளவு நம்புவதற்கு நீண்ட காரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் வந்தார்கள், 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறி என்ற அவர்களுடைய உயர்கல்விக்கூடம் எழுந்தது, 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆறில்லாத மண்ணில் படித்து ஓர் உத்தியோகம் எடுப்பதே பிழைக்கும் வழி என்று தலைமுறைகள் கண்டன. ஆனால் அதற்கு முந்திய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தது. இன்றும் விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுகிறோம். கையால் தொட்டுப் படிப்பது வெளியிலிருந்து வந்த புதுமை இல்லை. போரால் யாழ்ப்பாணத்து மக்கள் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு மரநிழலிலும் கொட்டில்களிலும் வகுப்பு நடந்தபோது, கொப்பிக்கே தட்டுப்பாடான அந்த நாட்களில், மணலும் புளியங்கொட்டையும்தான் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்தன.

இந்தக் கிழமை ஒழுங்கை உடைப்பது என்ன என்று கேட்டால் என் பதில் புலமைப்பரிசில் பரீட்சை. அதன் தொடக்கம் நல்ல நோக்கம். 1940 களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலத்தில், ஏழைக் கிராமத்துப் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக வழி திறந்த ஏற்பாடு அது. இன்று தரம் 5 பரீட்சையின் நிழல் தரம் 3 வரை நீண்டிருக்கிறது. பின்னேர ரியூசன், சனிக்கிழமை மாதிரி வினாத்தாள், பெறுபேறு வந்ததும் மதிலில் படம். மூன்று வழியும் சமமாக இருக்க வேண்டிய தரம் 3, 4 இல் எழுத்து வேலை மற்ற இரண்டையும் தின்றுவிடுகிறது. கிணற்றடிக்குப் போக நேரமில்லை, வினாத்தாள் முடிக்க வேண்டும். அந்தப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளே மனப்பாடத்தைவிட யோசிக்கும் திறனைத்தான் சோதிக்கிறது. இரண்டு சிரட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்தத் திறன் ஏழு வயதிலேயே கிடைத்துவிட்டது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையை நித்திரை முழித்து வினாத்தாள் செய்ய வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

சிறுவர் சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கத்தரிக்காய், முருங்கைக்காய், பனங்கிழங்கு, வாழைப்பழம் கொண்டுவந்து கடை விரிக்கும் நாள் அது. அருமையான செயற்பாடு. ஆனால் விலையை அம்மா எழுதி, மிச்சக் காசை அப்பா எண்ணிக் கொடுத்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது படம் மட்டும்தான். அதற்கு முந்திய கிழமை முழுவதும் வகுப்பில் காசு எண்ணி, விலைப்பட்டியல் எழுதி, வாங்குபவரும் விற்பவருமாக நடித்துப் பார்த்த பிள்ளைகள் சந்தையில் நிற்கும் விதமே வேறு. பெரியவர்கள் வாங்கும் ஆட்களாக மட்டும் வந்தால் போதும்.

தீவகத்திலும் உள்ளூர்க் கிராமங்களிலும் பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளிக்கூடங்கள் பல இருக்கின்றன. அங்கே ஒரே ரீச்சர் இரண்டு, மூன்று தரங்களை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்க வேண்டும். நாள் நாளாகத் திட்டம் போட்டால் அது நடக்காத காரியம். ஒரே கருப்பொருளைக் கிழமைக்கு வைத்தால் நடக்கும். தரம் 1 பிள்ளை வாளியைக் கீறி நிறம் தீட்டும்போது, தரம் 2 சிரட்டையால் அளக்கும், தரம் 4 அதை லீற்றரில் எழுதிக் கூட்டும். பெரிய பிள்ளை சின்னதுக்குக் காட்டிக் கொடுக்கும். சிறிய பள்ளிக்கூடம் என்று விலகிப்போகும் பெற்றோர் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வகுப்பில் வந்து இருந்து பார்த்தால் நல்லது.

இதெல்லாம் நடக்க ரீச்சரின் ஞாயிற்றுக்கிழமை போகிறது. திட்டம் எழுதி, அட்டை வெட்டி, ஈர்க்கு முறித்து, சிரட்டை சுரண்டி வைக்க வேண்டும். வீட்டிலிருந்து இதில் ஒரு பங்கு வரலாம். "என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டால் பிள்ளை "ஒண்டும் இல்லை" என்றுதான் சொல்லும். "இண்டைக்கு எதை அளந்தனீங்கள்? ஆர் வெண்டது? ஏன் அவைக்குக் கூட வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு கொப்பியைத் திங்களிலிருந்து புரட்டி, அந்த வெறும் பக்கத்தில் என்ன நடந்தது என்று பிள்ளையைச் சொல்ல விடுங்கள். கடைசிப் பக்கத்தில் ரீச்சர் ஒரு வரி எழுதி விட்டிருப்பார்: அடுத்த கிழமை ஒளி, ஒரு ரோச் லைற்றும் எண்ணெய்க் கடதாசித் துண்டும் கொடுத்து விடவும். ஞாயிறு இரவே பைக்குள் வைத்துவிட்டால், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நிற்காது.